பினாங்குக்காரி

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முனிரத்தினம் கை கழுவ ஆரம்பித்துவிடுவார். முதலில் புளி, அப்புறம் சாம்பல், கடைசியில் சீயக்காய். ஆறு நாள் ஆட்டுத்தோலை அளைந்த கையிலிருந்து சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா? முகர்ந்து பார்ப்பார்; மறுபடி தேய்ப்பார்.

“இன்னா அண்ணே, பொண்ணு பாக்கப் போறியா?” என்று அடுத்த வீட்டுச் செல்லம்மாள் சீண்டுவாள். மனைவி செத்துப் பதினோரு வருஷம் ஆன மனுஷர். “ஆமா, போறேன் போ” என்பார்.

ஆம்பூர்த் தோல் மண்டியில் ரகம் பிரிக்கிற வேலை. தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு. “ஒண்ணு.” “ரெண்டு.” “தள்ளு.” அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

வீட்டில் பேசுவது பூனை. மண்டி முதலாளி வாஹித் பாஷா பினாங்கிலிருந்து கப்பலில், கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்த ஜோடி. சயாம் ராஜா அரண்மனை ஜாதி என்று சொல்லி விற்றார்களாம். ஒட்ட வெட்டினாற்போல் குட்டை மயிர், சந்தன நிற உடம்பு. முகம், காது, கால், வால் மட்டும் கருப்பு. நீலக் கண், அதுவும் ஒன்றரைக்கண். குரல் பச்சைக் குழந்தையின் அழுகை. தனியே விட்டால் ஆகாது. நாய் மாதிரி காலோடு வரும். நாதாங்கியைத் தட்டிக் கதவைத் திறக்கும். அந்தக் கத்தல் பாஷா வீட்டாருக்குப் பேஜாராகிவிட, இரண்டும் முனிரத்தினத்திடம் வந்து சேர்ந்தன. கடுவனைப் பாம்பு கடித்தது. அது செத்த மறுமாதம் பெட்டை, பினாங்குக்காரி, மூன்று குட்டி போட்டாள்.

மூன்றும் வெள்ளை வெளேர். முனிரத்தினம் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கட்டைவிரலால் தடவினார். முகத்தில் கருப்பில்லை, வாலிலும் இல்லை. “செவுரேறி வந்த ஊர்க் கடுவன் வேல” என்று முடிவு கட்டினார். இருபதாம் நாள் காதோரம் கறுத்திருந்ததை அடுப்புக்கரி என்று ஈரத்துணியால் துடைத்தார். அந்த வாரமே மூன்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். தள்ளு!

அந்த ஜாதி வெள்ளையாய்ப் பிறந்துதான் மெல்லக் கறுக்கும். அதை அவருக்குச் சொல்ல யார் இருந்தார்கள்? பட்டைத்தொட்டியில் ஊறி எழுந்தால்தான் தோல் தன் நிறத்தைக் காட்டும் என்று முப்பது வருஷமாய் அறிந்தவர், குட்டிக்கு மூன்று மாதம் கொடுக்கவில்லை. இரண்டு செத்துப்போயின. மூன்றாவதைக் கொண்டுபோன ஜோலார்பேட்டை ரயில்வே ஆள் இருதயராஜ் ஒருநாள் ஆம்பூர் ஸ்டேஷனில் சொன்னான்: “உங்க பூனைக்கு மூஞ்சி, காதெல்லாம் கறுத்துப் போச்சுண்ணே. சீக்கா இன்னா?” முனிரத்தினத்துக்கு அன்று துடைத்த அடுப்புக்கரி நினைவுக்கு வந்தது.

குட்டிகள் போன நாளிலிருந்து பினாங்குக்காரி கதவைத் திறந்து திறந்து தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். “பெத்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சி போச்சு” என்று செல்லம்மாளிடம் அழாத குறையாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு கூடையும் கையுமாக ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினார். ஒன்றையாவது மீட்டுவந்து தாயிடம் சேர்த்துவிட வேண்டும்.

இருதயராஜ் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி சவுரியம்மாள் மடியில் குட்டி கிடந்தது. அச்சு அசல் பினாங்குக்காரி.

“வாங்கண்ணே. இவரு வண்டில போய்ட்டா வர மூணு நாளு ஆவும். புள்ள குட்டியும் இல்ல. முன்னெல்லாம் செவுத்தோட பேசினு இருப்பேன். இப்ப இது பதில் சொல்லுது” என்று சிரித்தாள்.

கூடையை அவர் கதவுக்கு வெளியிலேயே வைத்திருந்தார். “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா” என்றார்.

இப்போது கூடை கொண்டுபோவதில்லை. ஞாயிறுதோறும் போய் ஒரு மணி நேரம் வலது கையால் குட்டியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு வருகிறார். திரும்பும் ரயிலில் வலது கை மடியைவிட்டு அசையாது. டிக்கெட்டை நீட்டுவது இடது கை. டிக்கெட் பரிசோதகர் முறைத்தாலும் அப்படித்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைக்கூட ஏற்றாமல் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை நீட்டுகிறார். பினாங்குக்காரி விரல் விரலாக முகர்கிறாள். கத்தல் நிற்கிறது. பிறகு உள்ளங்கையை நக்கத் தொடங்குகிறாள், மணிக்கட்டுவரை, ஓர் இடம் விடாமல். கை மரத்துப்போகிறது. முனிரத்தினம் எடுப்பதில்லை.