டிஸ்கார்டு வாளியில் கிடந்த டியூப்

லேப் ரெஜிஸ்டரில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், என் கையெழுத்தில் உள்ள வரி: "இடது கால் கட்டி, சீழ். கல்ச்சர் ஆறாம் நாள். கறுப்புப் பூஞ்சணம். கன்டாமினேஷன். டிஸ்கார்டு." அதைச் சிவப்பு மையில் அடித்ததும் நான்தான். இடையில் நாற்பது நிமிடம்.

திருவண்ணாமலையில் இருபத்தாறு வருடம் மைக்ரோபயாலஜி டெக்னீஷியனாக இருந்தேன். கறுப்புப் பூஞ்சணம் ஊறுகாய் ஜாடியிலும் வளரும், எங்கள் டியூபிலும் வளரும். காற்றிலிருந்து விழுந்தது என்று எழுதி வாளியில் போடுவோம். அன்றும் போட்டேன்.

ரிப்போர்ட் வாங்க நோயாளி வேலாயுதமும் மனைவி கிருஷ்ணவேணியும் வந்தார்கள். அடி அண்ணாமலை விவசாயிகள்.

"கிருமி எதுவும் வளரலம்மா" என்றேன்.

"அப்புறம் ஏன் சார் கட்டி பெருசாவுது? முள்ளு குத்துன எடம்."

"முள்ளா? சீட்டுல இல்லியே?"

"டாக்டரம்மா திட்டுவாங்கன்னு இவரு வாயத் தொறக்கல. பௌர்ணமிக்கு வெறுங்கால்ல மலையச் சுத்திட்டாரு. யாரு கிட்னி சார் அது? என்னுது! ரெண்டு வருசம் முன்னாடி குடுத்தேன். ஒரு வார்த்த கேக்காம பதினாலு கிலோமீட்டர் கூட்டினு போயிருக்காரு."

"உன் கிட்னி நல்லா இருக்கணும்னுதான் போனேன்" என்றார் வேலாயுதம்.

"அதுக்குச் சாமி முள்ளு குடுத்துச்சாக்கும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுபவர் அவர். பிறருக்குத் தூசியாக இருப்பது இவருக்கு நோயாகலாம். சீட்டில் 'ட்ரான்ஸ்பிளான்ட்' என்று எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

வாளியிலிருந்து டியூபை எடுத்துவிட்டு, தோல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் தடவை சீழ் கொஞ்சமாக இருந்ததால் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு மட்டுமே போட்டிருந்தோம். அன்று மறுபடி ஊசியால் உறிஞ்சிக் கொடுத்தார். சீழைக் கரைத்துப் பூஞ்சையை மட்டும் தெளிவாகக் காட்டும் கே.ஓ.ஹெச். சொட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பழுப்பு இழைகள், கணுக் கணுவாக. நேரே சீழுக்குள் இருப்பது காற்றிலிருந்து விழுந்ததாக இருக்க முடியாது. புது டியூபிலும் அதே கறுப்புதான் வளர்ந்தது.

கட்டியை அறுத்தெடுத்தார்கள். பூஞ்சை மாத்திரை, கிட்னி மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் கிட்னி டாக்டர் கிட்னி மாத்திரையைக் குறைத்துக் கொடுத்து, வாராவாரம் ரத்தம் பார்த்தார். கிட்னி பழுதானால் ஏறும் கிரியாட்டினின் ஏறவில்லை.

"என்னுது கெட்டி சார்" என்றார் கிருஷ்ணவேணி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: கன்டாமினேஷன் என்று எழுதுமுன் அது யாருடைய சாம்பிள் என்று படியுங்கள்.

இப்போது பௌர்ணமிக்கு மறுநாள், ஆட்டோவில்தான் மலையைச் சுற்றுவதாக வேலாயுதம் சொல்கிறார். இதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.