தொட்டு விளையாடும் கூடத்தில் அகிலனும் அம்மாவும்

பிள்ளைகள் எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும் இடத்தில் வேலை செய்கிறவளுக்கு, நாள் முழுக்க வாயில் வருவது "மெல்ல, மெல்ல" என்ற ஒரே சொல்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் சிறுவர் அருங்காட்சியகம். மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளின் கூடம் என் பொறுப்பு. தண்ணீர் மேசை, மணல் தொட்டி, பந்து உருட்டும் சறுக்குப் பாதை, பழைய டெலிபோன் இரண்டு. மழை ஞாயிறு ஒன்றை இரண்டு வயதுப் பிள்ளையோடு பிளாட்டுக்குள் கடத்திப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருவது என்னிடம்தானே.

தொடாதே

அகிலனை அவனுடைய அப்பா சுதன் முதல்முறை கூட்டிவந்ததும் அப்படியொரு ஞாயிறில்தான். வீடு கிருலப்பனையில், காலி வீதியில் ஒரு தளபாடக் கடையில் வேலை. பிள்ளை தண்ணீர் மேசைக்கு முன்னால் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். நான் அவன் கையை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவரோ பழக்கதோஷத்தில் "தொடாதே" என்று சொல்லிவிட்டார். பிறகு வெட்கப்பட்டு, தன் கையையே முழங்கை வரை நனைத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு பிள்ளை அப்பாவையும் நனைத்தான், என்னையும் நனைத்தான். மாற்றுடுப்புக் கொண்டுவராமல் வரும் அப்பாமாருக்கென்று நான் எப்போதும் துவாய் வைத்திருப்பேன். அதை வாங்கிப் பிள்ளையின் தலையைத் துடைத்தபடி சுதன் சொன்னார்: "மேல்வீட்டு அறை ஒண்டில வாடகைக்கு இருக்கிறம், மிஸ். சுவரில கை பட்டாலும் வீட்டுக்காரர் ஏசுவார். இவன் முதல் பழகின சொல்லே 'தொடாதே'தான்."

டெலிபோன்

பிறகு அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்கள். கூடத்தின் இரண்டு மூலைகளிலும் இருக்கும் டெலிபோன்களில், ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்கும். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் காதில் வைப்பார்கள். அகிலன் வைக்கவில்லை. ரிசீவரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதை உற்றுப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். விளங்காமல் செய்கிறான் என்று நினைத்து நான் அவன் காதில் வைத்துவிட்டேன். அவன் எடுத்து மறுபடி முகத்துக்கு முன்னால் பிடித்து, அதைக் கொஞ்சினான்.

மற்ற மூலையில் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சுதன் ரிசீவரை வைத்துவிட்டார். பிள்ளை தவழத் தொடங்கிய நேரம் மனைவி கவிதா ஜோர்தானில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர் என்றும், வேலை முடிந்து வந்து வீடியோ கோல் எடுப்பார் என்றும் அப்போதுதான் எனக்குச் சொன்னார். என்னோடு வேலை செய்யும் நில்மினி "அனே, பவ்" என்று பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். சிங்களத்தில் சொன்னாலும் பாவம் பாவம்தான். சுதன் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இவனுக்கு அம்மா எண்டா அந்தப் போனுக்குள்ள இருக்கிற ஆள், மிஸ்."

லீவில் வந்தவர்

கவிதா லீவில் வந்தபோது மூன்று பேருமாக வந்தார்கள். நடந்தால் வெளிச்சம் வரும் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்திருந்தார். படத்தில் பார்த்து மட்டுக்கட்டின அளவு. பிள்ளையின் கால் அதற்குள் போகவில்லை. எங்கள் கூடத்தில் வெறுங்காலோடுதான் விளையாட வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு ஆறுதல். சப்பாத்தைப் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

அவர் கூப்பிடக் கூப்பிட அகிலன் என் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏதோ வேலை இருப்பதுபோல ஸ்டோர் அறைக்குள் போய், அடுக்கியிருந்த வாளிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினேன். கவிதா அங்கேயே வந்துவிட்டார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தணித்துக் கேட்டார்: "இவன் என்னோட விளையாடுறதுக்கு நான் என்ன செய்ய வேணும் மிஸ்? சொல்லித் தாங்கோ. எனக்கு இன்னும் பழகேல்லை."

வீட்டுக்குப் போகும் நேரம்

லீவு முடியும் வரை தாயும் பிள்ளையும் வேலை நாட்களிலும் வந்தார்கள். நான் சொல்லிக் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கூப்பிட வேண்டாம், பக்கத்தில் இருந்து நீங்கள் விளையாடுங்கள் என்றேன். அவர் மணல் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து தனியாக மணலில் பிட்டு அவித்து விளையாடினார். கொஞ்ச நாளில் பிட்டுக்கு மணல் அள்ளிக் கொடுக்க ஆள் வந்தது.

விமானம் ஏறுவதற்கு முதல் நாள், மூடும் நேரமாகியும் அகிலன் சறுக்குப் பாதையை விட்டு வரமாட்டேன் என்றான். அந்த நேரத்து அழுகை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிலத்தில் விழுந்து உருண்டான். வேலை முடிந்து கூட்டிப்போக வந்திருந்த சுதன் தூக்கப் போக, கவிதா வேண்டாம் என்று தானே தூக்கினார். உதைத்தான், அடித்தான், பிறகு களைத்துப்போய் அவருடைய தோளில் முகத்தை அழுத்தி ஏங்கி ஏங்கி அழுதான். அவர் அப்படியே சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். நில்மினி கதவு பூட்ட எடுத்த திறப்புக் கோர்வையைத் திரும்ப மேசையில் வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. தோளெல்லாம் மூக்குச்சளியும் கண்ணீருமாக, கவிதா என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அழேக்க என்னைத் தள்ளேல்லை, மிஸ். கண்டனீங்கள்தானே?"

அடுத்த ஞாயிறு

அடுத்த ஞாயிறு அப்பாவும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். அகிலன் உள்ளே வரவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, படியேறி வரும் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பந்தை உருட்டிவிட்டேன். அது அவன் காலடியில் போய் நின்றது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போய் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். என் மடியில் ஏறி இருந்தான், ஆனால் முகம் வெளியேதான்.

நாள் ஓடிவிடும், அடுத்த லீவுக்கு வந்துவிடுவார் என்று சுதனுக்கு ஏதோ சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது வெறும் பேச்சாகக் கேட்டது. அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பந்தைக் குனிந்து எடுத்தபடி சொன்னார்: "முதல்முறை அவ போகேக்க இவன் சிரிச்சுக்கொண்டு கை காட்டினவன், மிஸ். அது எவ்வளவு சுகமா இருந்தது எண்டு இப்பதான் விளங்குது."

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளோடு விளையாடுகிற வேலை, ஒரு கரைச்சலும் இல்லை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்லிவருகிறேன்.