லாந்தரின் அண்ணை

"ஒரு பப் மூடினால் என்ன? லண்டனில் வேறு பப்பா இல்லை?" பள்ளிக்கூடத்தின் கடைசி வாரத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். வாமதேவனின் கதையைச் சொல்லியிருந்தால் அதுவே பதிலாக இருந்திருக்கும். அப்போது அந்தக் கதை எனக்கு முழுதாகத் தெரியாது.

வாமதேவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. தென்கிழக்கு லண்டனில், லூயிஷாமில் தனியாக இருக்கிறார். தபால் பிரிக்கும் இடத்தில் விடியற்காலை ஷிப்ட். வெள்ளிக்கிழமைகளில் சிவன் கோவில் சமையலுக்கு மரக்கறி வெட்டிக் கொடுப்பார். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சரிவரேல்லை" என்ற ஒரே பதில்தான். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்துப்போனது. அவருக்கு இருக்கும் ஒரே உறவு லண்டனின் மறுபக்கத்தில், கிங்ஸ்பரியில் குடும்பமாக இருக்கும் தங்கை சிவமலர். தங்கையை லண்டனுக்கு எடுத்தது, படிப்பித்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் வாமதேவன்தான். ஞாயிறு காலை தவறாமல் தங்கையின் போன் வரும். "அண்ணை, சாப்பிட்டீங்களோ?" என்றுதான் தொடங்கும்.

அந்தப் போனை வைத்த பிறகு, பின்னேரம் அவர் லாந்தருக்குப் போவார்.

ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த பழைய பப் அது. 'கே' என்று இங்கே சொல்கிற, ஆண்களை விரும்பும் ஆண்களும் பெண்களை விரும்பும் பெண்களும் பயமில்லாமல் வந்து ஆடவும் பாடவும் முடிந்த இடம். வாசலுக்கு மேலே ஒரு பித்தளை விளக்கு தொங்கும். வெள்ளைக்காரர் அதை 'ஓல்ட் லான்டர்ன்' என்பார்கள். தமிழ்ப் பொடியன்களுக்கு அது லாந்தர். "லாந்தருக்கு வாறியோ?" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் போனில் கேட்கலாம்; எந்தத் தாய்க்கும் விளங்காது. சனிக்கிழமை இரவு பெண் வேடமிட்டவர்களின் ஆட்டம். ஞாயிறு பின்னேரம் தேநீரும் பழைய பாட்டும். வயதானவர்கள் சோடி சோடியாக ஆடுவார்கள். மூலை மேசை தமிழருடையது.

அந்த மேசையில்தான் ஒரு பெயர்ப் பிழை நடந்தது. நிஷாந்தன் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருநாள் வாமதேவனைப் பார்த்து, "அண்ணை, இஞ்ச வாங்கோ!" என்று கூப்பிட்டான். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே கணக்காளராகத் தங்கிவிட்ட கோபாலன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, இவரைப் போய் அன்னைங்கிற? அன்னைன்னா அம்மாதானே?"

"அன்னை இல்லை, அண்ணை! உங்களுக்குக் காது அடைச்சிட்டுதோ?"

"எங்க ஊர்ல அண்ணேன்னு சொல்வோம். இது அம்மாதான் லா!"

பப்பை நடத்திய மோரீன் என்ன சிரிப்பு என்று கேட்டாள். கோபாலன் வேண்டுமென்றே இங்கிலிஷில் சொல்லிவிட்டார்: "இவரை எல்லோரும் மதர் என்று கூப்பிடுகிறார்கள்." அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பார் முழுக்க "மதர் வந்தாச்சு" என்றது.

வாமதேவனுக்கு முதலில் கோபம். "மீசை வைச்ச என்னைப் பாத்து அம்மா எண்டுறாங்கள். நீங்கள் செய்த வேலை, கோபாலன்." ஒரு மாதம் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். ஏனென்றால் வீட்டில் பிடிபட்டு, உடுப்புப் பையோடு துரத்தப்பட்டு வந்த பிள்ளைகள் அந்த மேசைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவார். "முதல்ல தின். பிறகு அழலாம்" என்பார். அவர்களில் சிலர் அவரை அண்ணை என்றார்கள், சிலர் மதர் என்றார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பிறகு பாலத்தடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. கலகலப்பான தெரு என்று விளம்பரம் பார்த்து வீடு வாங்கியவர்களே, சத்தம் தாங்க முடியவில்லை என்று கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்தார்கள். சனிக்கிழமை ஆட்டத்தை நேரத்தோடு முடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வருமானம் விழுந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் அதை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். இடிப்பதற்கு அனுமதி கொடுப்பதா என்று முடிவெடுக்கக் கவுன்சிலில் கூட்டம் வைத்தார்கள். அந்த இடத்தை நம்பி வாழ்கிறவர்கள் வந்து பேசினால் ஒருவேளை காப்பாற்றலாம் என்று மோரீனின் வக்கீல் சொன்னார்.

"மதர், நீ பேச வேண்டும்," என்றாள் மோரீன்.

பேச்சு இணையத்தில் நேரடியாகப் போகும். முகமும் பெயரும் தெரியும். நிஷாந்தன் அவரை வாசலுக்குக் கூட்டிவந்தான்.

"வேண்டாம் அண்ணை. எங்கட சனத்தின்ர வாட்ஸப்பைத் தெரியும்தானே? நீங்கள் பேசி முடிக்க முதல் கிங்ஸ்பரிக்குப் போய்ச் சேர்ந்திடும்."

"தெரியும்."

"பிறகு சிவமலர் அக்காவுக்கு என்ன சொல்லுவியள்?"

வாமதேவன் விளக்கை அண்ணாந்து பார்த்தார். "அவளுக்கு முப்பது வருசமாச் சொல்ல நினைச்சது. ஒரு இடத்திலயாவது சொல்லத்தானே வேணும். இதுவும் போனால் எங்க போய்ச் சொல்லுறது?"

கூட்டத்தில் அவருக்கு முன் பேசிய எல்லோரும் மதர், மதர் என்றே சொன்னதால் தலைவர் குழம்பிப்போனார். "யார் அந்த மதர்? கடைக்காரரின் தாயாரா?"

வாமதேவன் எழுந்தார். கோவிலுக்குப் போடும் கோட்டைத்தான் போட்டிருந்தார். "மதர் நான்தான்," என்றார். சபை சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"எங்கள் மொழியில் அண்ணனுக்கு ஒரு சொல் உண்டு. அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே ஓசையில் ஒரு சொல். ஒரு நண்பர் மாற்றிக் கேட்டுவிட்டார். வீட்டை இழந்து வந்த பிள்ளைகளுக்கு இரண்டு பேருமே தேவைப்பட்டதால் நான் திருத்துவதை விட்டுவிட்டேன். நான் கே. இதை வெளியில் எங்கும் சொன்னதில்லை. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். உலகத்தில் என்னை முதலில் அண்ணை என்று கூப்பிட்டவள் அவள். அந்தச் சொல்லுக்கு மரியாதையாக நடக்கவே நான் இவ்வளவு காலமும் முயன்றேன். அந்தப் பப்பில் நான் எதையும் மறைக்காமல் அண்ணையாக இருந்தேன். அதை எடுத்துவிடாதீர்கள்."

இதற்குள் அவருடைய நேரம் முடிந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இடிக்க அனுமதி கொடுத்தார்கள். பித்தளை விளக்கை மட்டும் நினைவாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள்.

நிஷாந்தன் சொன்னபடியே நடந்தது. யாரோ பேச்சை வெட்டி, "மதர் நான்தான்", "நான் கே" என்ற இரண்டு துண்டுகளை ஒட்டி, சிரிக்கும் முகங்களைப் போட்டு அனுப்பினார்கள். தங்கையைப் பற்றிச் சொன்னது அதில் இல்லை.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. பொறுத்துப் பார்த்து அவரே எடுத்தார்.

"சிவமலர், சாப்பிட்டியோ?"

"ஓம்."

"பிள்ளையள் சுகமோ?"

"ஓம். வேலை கிடக்கு. வைக்கிறன்."

ஏசவில்லை, அழவில்லை. அண்ணை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல் வரும் வரும் என்று, துண்டித்த போனை வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தார்.

லாந்தர் இடிபட்டது. மூலை மேசைக்காரர்கள் விம்பிள்டனில் ஒரு காபிக் கடையில் சந்தித்துப் பார்த்தார்கள். கோபாலன் பழக்கத்தில் "மதர்!" என்று கூப்பிட, பக்கத்து மேசையில் கோவிலுக்குப் போய் வந்த ஒரு தமிழ்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகப் பேச எதற்கு அவ்வளவு தூரம் வருவது? வரவு குறைந்தது. கோபாலன் மலேசியாவுக்கே, தன் ஊரான கிள்ளானுக்குத் திரும்பிப் போனார். பையோடு துரத்தப்படும் பிள்ளைகள் இப்போது எங்கே போகிறார்கள் என்று வாமதேவனுக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் அவருக்கு நித்திரை வருவதில்லை.

புதுக் கட்டடத்தின் வாசலில் அந்த விளக்கு தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் நின்றாலே காவலாளி வந்து, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறான். யாருடைய பெயரைச் சொல்வது?

இது அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்து எழுதியது. வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் துண்டு எப்படிக் கைமாறிக் கிங்ஸ்பரிக்குப் போனதோ, அப்படியே இதையும் அனுப்புங்கள். வெட்டாமல், முழுதாக அனுப்புங்கள். யாராவது ஒருவர் மூலம் சிவமலரிடம் போய்ச் சேரட்டும். தங்கை அன்று சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னால் போதும்.