எனக்கும் பன்றிக்கும் ஒரே பெயர்

பொறாமைக்காரி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. ஆனால் ஒன்பது வயதில் நான் பொறாமைப்பட்டது ஒரு பன்றியின் மேல்.

எழுபதுகளில் அப்பா பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் ஒரு சீன முதலாளியின் பன்றிக் கொட்டகையில் வேலை செய்தார். கொட்டகைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. முதலாளி நாட்டுப் பன்றிகளை விற்றுவிட்டு வெளிநாட்டு வெள்ளைப் பன்றிகளை இறக்கினார். மிஞ்சியது ஒரே ஒரு கறுப்புப் பெட்டை. முதுகு குழிந்து, வயிறு தரையை உரசும். அதை விற்க விடாமல் அப்பா கெஞ்சி நிறுத்திக்கொண்டார்.

அதற்கு அவர் வைத்த பெயர் கறுப்பி. அது என் பெயர். என் நிறத்தைப் பார்த்து அப்பா மட்டும் செல்லமாகக் கூப்பிடுவது. இப்போது அவர் "கறுப்பி" என்றால் நானும் ஓடுவேன், அதுவும் உறுமிக்கொண்டு கம்பியருகே வரும். அவர் கை முதலில் அதன் காதைத்தான் சொறியும். தீபாவளியன்று என் தலைக்கு வைத்த நல்லெண்ணெயில் மிச்சத்தை அதன் முதுகில் தேய்த்தார்.

"அப்படியே அதுக்கு வளைகாப்பும் பண்ணிருங்க லா," என்றாள் அம்மா.

"சிரி, சிரி. வெள்ளையில ஒண்ணு இருமினா எல்லாம் இருமுது. இது மழையில கெடந்தாலும் அசையாது. எல்லாம் ஒரே மாதிரி ஆயிட்டா, ஒரு நோவு வந்தா கூண்டோட போயிரும்."

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிழவரிடம் அதே வகையில் ஓர் ஆண் பன்றி இருப்பதாக அப்பா விசாரித்து வைத்திருந்தார். கறுப்பிக்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஈற்று என்றார். அது துணைக்குக் கத்தத் தொடங்கியதும் லோரிக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஃபெரியில் ஏற்றிக் கொண்டுபோக ஏற்பாடு. குட்டிகளும் கறுப்பாகப் பிறந்தால் இன்னும் எத்தனை கறுப்பிகள் வருமோ என்று எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளையாகப் பிறந்தால்? வெள்ளையை யார் கறுப்பி என்று கூப்பிடுவார்கள்?

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம், வெள்ளை ஆண் பன்றியின் தாழ்ப்பாளை நீக்கினேன். கறுப்பியின் தாழ்ப்பாளையும் நீக்கினேன். கொட்டகையோரம் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"யாரு தொறந்தது?"

"தெரியலப்பா. தாப்பா தானா விழுந்திருக்கும்."

இரண்டு தாழ்ப்பாளும் எப்படித் தானாக விழும் என்று அவர் கேட்கவில்லை. லோரிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். பிறந்ததெல்லாம் வெள்ளை, இரண்டு மூன்றில் மட்டும் சாம்பல் திட்டு. முதலாளி "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி அப்பாவின் தோளைத் தட்டினார். அதன்பின் கறுப்பி சினை பிடிக்கவேயில்லை. கிழவரின் ஆண் பன்றியும் அதற்குள் ஏதோ கல்யாண விருந்துக்குப் போய்விட்டதாம்.

"இனிமே இந்த மாதிரி ஒண்ண எங்க போய் தேடறது?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பினாங்கில் இல்லாவிட்டால் கெடாவில் இருக்கும், அங்கேயும் இல்லாவிட்டால் பேராக்கில் இருக்கும், பன்றிக்கா பஞ்சம் என்று நினைத்தேன். அப்பா எங்கேயாவது தேடிப் பிடித்துக் கொண்டுவந்துவிடுவாரோ என்றுதான் வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன்.