பழைய பெட்டியின் ஸ்டிக்கர்

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கம்ப்யூட்டர்காரர்’ என்றால்தான் தெரியும். மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறைதான் கடை. ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டே பெட்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் எதையும் தூக்கிப் போட மனசு வராது. அந்தக் குணம் என் தலையில்தான் விடிந்தது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அலுவலகப் பொறுப்பாளர். அங்கே ஒன்பது கம்ப்யூட்டர்களும் கிழடு தட்டிப்போயின. பாகங்கள் வாங்கிப் புதிதாகப் பூட்டும் வேலையை அண்ணனுக்குப் பிடித்துக் கொடுத்தேன். உறவுக்காரர் என்றால் கூடத்தை நடத்தும் டாக்டர் ஒரு மாதிரி பார்ப்பாரே என்று, ‘தெரிந்த ஆள்’ என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கடைக்குப் போனபோது எங்கள் பழைய பெட்டிகளின் முதுகில் ஹேர் டிரையரைக் காட்டி ஸ்டிக்கர்களை உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்கண்ணா?”

“வாங்கும்போதே உள்ள போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரோட லைசென்ஸ் நம்பர் இதுலதான் இருக்கு. புதுப் பெட்டிக்கு இதையே போட்டுடலாம்.”

“அது அந்தப் பெட்டிக்குன்னு கொடுத்ததில்லையா?”

“செருப்பு பிஞ்சா வாரை எடுத்து வேற செருப்புல தைக்கக் கூடாதா? போ பாப்பா.”

உரித்ததில் ஆறு கிழிந்துவிட்டன. மூன்றுதான் தேறின. அவற்றைப் புதுப் பெட்டிகள் மூன்றில் ஒட்டிவிட்டு, அந்த மூன்று நம்பர்களை ஒன்பது பெட்டிகளுக்கும் போட்டார். ஒவ்வொன்றுக்கும் போன் செய்து உரிமத்தை உறுதிசெய்ய வேண்டும். பதிவு செய்த குரல், ‘எத்தனை கம்ப்யூட்டர்களில் போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்கும். “ஒண்ணு” என்பார். ஒன்பது தடவையும் “ஒண்ணு”. நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது. மறுநாள், எல்லாம் முறையான உரிமம் பெற்றவை என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் மாதம் வரவேற்பறைத் திரையின் மூலையில் மங்கலாக ஒரு வரி வந்தது: உரிமம் உறுதியாகவில்லை. ஒரு வாரத்தில் பின்னணி முழுக்கக் கறுத்துப்போனது. பிறகு அடுத்த மேஜையில், அதற்கடுத்ததில். அண்ணன் வந்து ஏதோ தட்டிச் சரிசெய்வார். இரண்டு நாளில் அந்த வரி மறுபடியும் வந்து நிற்கும். ரத்தம் கொடுக்க வந்தவர்கள்கூட அதை வாசிக்க ஆரம்பித்தார்கள். காலையில் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து உரிமங்களை ஆய்வு செய்ய வருவதாகக் கடிதம் வந்தது.

“வெளியில ஸ்டிக்கரைப் பாத்துட்டுப் போயிடுவாங்க” என்றார் அண்ணன். ஆறு பெட்டிகளில் ஸ்டிக்கரே இல்லை என்று நான் சொன்னதும் வேறொரு பெட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

ஆய்வுக்கு வந்த அம்மாள் வெளியே எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து ஏதோ தட்டி, லைசென்ஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்துகளை எழுதிக்கொண்டார். ஒன்பது பெட்டி, மூன்றே நம்பர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறோம்.

“பழைய பெட்டியோட வந்த உரிமம் அந்தப் பெட்டியோட முடிஞ்சு போச்சு. இதை வேற பெட்டிக்கு மாத்தவே முடியாது. கையெழுத்து யாரோடது?”

“என்னோடது.”

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. அந்த அம்மாள், பெட்டிகளைத் திறந்து காட்ட வந்திருந்த அண்ணன் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே போட்டீங்க? யார் சொல்லி?”

அண்ணன் ஸ்குரூ டிரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மேடம்தான் போடச் சொன்னாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

என்னைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவர் உங்களுக்குச் சொந்தமா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால், இருவரும் கூட்டாகச் செய்ததாகி, என் வேலையோடு அண்ணன் கடையும் அன்றே போயிருக்கும்.

“இல்லைங்க” என்றேன்.

அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை.