சூடு இறங்கிய கால்

டிரெய்னர் ஐயா குதிரையின் காலைக் கண்ணால் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலிலிருந்து குளம்புவரை உள்ளங்கையை மெதுவாக இறக்கிக்கொண்டே வருவார். சென்னையில் பல வருடங்கள் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர். ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான கடலூருக்கு வந்தபின், முந்திரித் தோப்பு முதலாளி ஒருவரின் பெண்குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தார். அதற்கு வைத்தியம் பார்த்தவள் நான். பலாப்பழக் காலத்தில் கொட்டை எடுத்த சுளை ஒன்றை அதன் வாயில் வைத்து, “ஒண்ணுதான், ஜாஸ்தி கேக்காத” என்று கறாராகச் சொல்வார். சொன்ன கையோடு இரண்டாவதையும் கொடுப்பார்.

ஒருநாள் முன்னங்காலில் சூடு இருப்பதாகவும், உள்ளே அடிபட்டிருப்பதாகவும் சொன்னார். “பத்து நாளைக்கு ஓட்டமே வேணாம்” என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மகளைப் பார்க்கச் சிதம்பரம் போனார். அன்று மாலையே முதலாளி என்னை அழைத்தார். மறுநாள் காலை குதிரையை வாங்க ஆட்கள் வருகிறார்களாம். “நொண்டாம இருந்தா போதும் டாக்டர், வலி தெரியாம ஒரு ஊசி போடுங்க” என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் தொழில் தொடங்கிய புதிது. பெரிய மனிதர் ஒருவர் கேட்கிறாரே என்று தயங்கினேன். பிறகு போட்டேன்.

ஆட்கள் வருவதைக் கேள்விப்பட்டு விடியற்காலையில் திரும்பிய ஐயா காலைத் தடவிப் பார்த்தார். சூடு இறங்கியிருந்தது. கை வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மருந்துப் பெட்டியைத் திறந்து மூடினேன். வாங்குபவர்கள் வந்ததும், குதிரை ஓட்டும் ஜாக்கியை ஏறச் சொன்னார். கடற்கரை மணலில் குதிரை பாய்ந்து போன அழகை இப்போதும் என்னால் ரசிக்க முடிகிறது, அதுதான் கொடுமை. திரும்பும் இடத்தில் கால் மடிந்தது. உயிர் பிழைத்தது, பிறகு ஓடவே இல்லை. “என் கணிப்புதான் தப்பு” என்று எல்லோர் முன்னாலும் ஐயா சொன்னார். அதற்குப்பின் அவரை யாரும் குதிரை பழக்கக் கூப்பிடவில்லை.

பதினோரு வருடங்கள் அதைச் சுமந்து திரிந்தேன். போன மாதம் சிதம்பரத்தில் அவருடைய மகள் வீட்டுக்குப் போய், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“தெரியும் டாக்டரம்மா” என்றார். “பத்து நாள் சூடு ஒரே ராத்திரில எப்பிடி எறங்கும்? தெரிஞ்சுதான் ஏத்தி உட்டேன். நான் பழக்குன குதிர, வந்தவுங்க எதுர்ல ஒருவாட்டி ஓடிக் காட்டட்டுமேன்னு ஒரு ஆச.” சற்று நேரம் தன் கையையே பார்த்தார். “நீங்களாச்சும் வந்து சொல்லிட்டீங்க. நான் யார்கிட்ட போய் சொல்றது?”

மகள் கொண்டுவந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். கடலூர் பஸ்ஸில் நிறைய இடம் இருந்தது. உட்காரும்படி கண்டக்டர் இரண்டு முறை சொல்லியும், காலை மடக்க மனம் வராமல், பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்வரை நான் நின்றுகொண்டேதான் வந்தேன்.