தூக்க வேண்டாம்

பதின்மூன்று வயதுவரை காளீஸ்வரியை எல்லோரும் தூக்கினார்கள். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. நடக்கப் பழகிய வயதிலேயே போலியோ வந்து கால்கள் சூம்பிவிட்டன. அப்பா மாயக்கண்ணன் அவளை சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், வகுப்புவரை தோளில் சுமந்து, பெஞ்சில் இறக்கிவிட்டு வயலுக்குப் போவார். அவர் தூக்கியதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் தூக்கியதுதான் ஆகவில்லை. கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில், யார் யாரோ கேட்காமல் கொள்ளாமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். இறக்கிவிட்டு, பாவம் என்பார்கள்.

ஒருநாள் காரைக்குடி பஸ்ஸில் ஒரு ஆள் அப்படித் தூக்கினான். அவன் கை போன இடம் சரியில்லை. இறக்கிவிடு என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். உதவி செய்தால் இப்படியா பேசுவது என்று பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைத்தான் திட்டினார்கள். அவள் படியைப் பிடித்து, கைகளாலேயே ஊன்றி, தானாகக் கீழே இறங்கினாள். இனிமேல் தன்னைத் தொடுகிறவர்கள் கேட்டுவிட்டுத் தொடட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். சிவகங்கையில் நடந்த முகாமில் காலுக்கு இரும்புச் சட்டமும் ஊன்றுகட்டைகளும் வாங்கி நடந்து பழகினாள். காரைக்குடியில் பி.காம். முடித்தாள்.

அந்தப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில், தேர்வுப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தாள். பக்கத்துக்கொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தினமும் வந்துபோனாள். இரக்கம் கேட்டு வருகிற மாணவர்களுக்கு அவளிடம் ஒன்றும் கிடைக்காது. வருகைப்பதிவு குறைந்தவன் எவ்வளவு கெஞ்சினாலும் ஹால் டிக்கெட் வராது. அவளை நேசித்தவர்களைவிடப் பயந்தவர்கள்தான் அதிகம். அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டியபோது பிரிவு அலுவலராக இருந்தாள். அதற்குள் கட்டைகளை ஊன்றி ஊன்றித் தோள்மூட்டு தேய்ந்துபோக, மருத்துவர் சக்கர நாற்காலிக்கு மாறச் சொன்னார்.

அவள் நாற்காலிக்கு மாறிய அதே வருஷம்தான் பல்கலைக்கழகம் மரபு அரங்கத்தைத் திறந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் சாயலில் கட்டியது. ஆள் உயரத்துக்குக் கல் மேடை, முகப்பில் வரிசையாகக் கருங்கல் படிகள், கண்ணாடிபோல மினுங்கும் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. தேவகோட்டையில் இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிவந்த தேக்குக் கதவு. மரபு வாரம், தாய்மொழி நாள், மகளிர் நாள் என்று எந்த விழா என்றாலும் அங்கேதான்.

டிசம்பர் மூன்றாம் தேதி மாற்றுத்திறனாளிகள் நாளும் அங்கேதான் நடந்தது. வருஷாவருஷம் காளீஸ்வரிக்குப் பொன்னாடை. அதற்காக நாலு மாணவர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியேறுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பதிவாளர் நேரில் கூப்பிட்டுச் சொல்லும்போது மறுக்கத் தைரியம் வரவில்லை. சாய்தளம் கேட்டு மட்டும் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மனுக்கள் எல்லாம் மரபுக் குழுவுக்குப் போய் அங்கேயே நின்றன. குழுத் தலைவர் வரலாற்றுப் பேராசிரியர் வேல்பாண்டி கெட்டவர் இல்லை. அந்தக் கட்டடத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். சுவர் பூசும்போது கொத்தனார்களோடு நின்று, தானும் மெருகுக் கல்லை வாங்கிச் சுவரைத் தேய்த்தவர். அப்படிப்பட்ட முகப்பில் சரிவு வைப்பது, அழகான முகத்தில் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி என்று சொல்லிவிட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ விழாவில் தூக்கிய மாணவர்களில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. புடவை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. யாருக்கும் அடியில்லை. அந்த நேரத்தில் எடுத்த படம்தான் மறுநாள் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்தது: அந்தரத்தில் கண்ணை இறுக்கி மூடிய காளீஸ்வரி, கீழே ‘அன்பின் கரங்கள்’ என்று தலைப்பு. அதை எடுக்கச் சொல்லி அவள் மூன்று பேரிடம் போனாள். நல்ல படம்தானே என்றார்கள்.

அடுத்த டிசம்பர் மூன்று வந்தது. அவள் நல்ல பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, தானே சக்கரத்தைத் தள்ளி அரங்கத்துப் படிக்குக் கீழே வந்து நின்றாள். மாணவர்கள் ஓடிவந்தார்கள்.

"தூக்க வேண்டாம்ப்பா" என்றாள்.

அவர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒருவன் சக்கரத்தில் கை வைத்தபோது அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். வேல்பாண்டி மேலேயிருந்து இறங்கி வந்தார். சிறப்பு விருந்தினர் உட்கார்ந்துவிட்டார், பத்திரிகைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"நீங்க போயி நடத்துங்க சார். நான் இங்குட்டு இருந்து கேக்குறேன்."

"எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்துறீக காளீஸ்வரி."

"இத்தனை வருசமா எல்லார் முன்னாலயும் தூக்குனீக. அப்ப யாருக்கு சார் அவமானம்?"

அவர் படியேறிப் போனார். விழா தொடங்கியது. வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. தடைகளைத் தகர்ப்போம் என்று ஒருவர் அரைமணி நேரம் பேசினார். காளீஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். பிறகு மைக்கில் யாரோ கனைப்பது மட்டும் கேட்டது.

கதவோரம் நின்றிருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்த்துறை ஆய்வு மாணவி சினேகா மட்டும் இறங்கிவந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் காளீஸ்வரிக்கும் பழக்கம் கிடையாது. ஒருமுறை காளீஸ்வரியிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

விழா முடிந்து விருந்தினர் வெளியே வந்தார். அவர் நல்ல மனுஷர். பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். கேமராக்காரர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். காளீஸ்வரி இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள்.

"கோவிச்சுக்கிராதீக சார். இது எனக்கு வேண்டாம். ஏறி வர வழி போடச் சொல்லிட்டுப் போங்க, அது போதும்."

மறுநாள் விருந்தினரை அவமதித்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவள் இரண்டு வரியில் பதில் எழுதினாள். அழைத்த இடத்துக்கு வந்தேன். படிவரைதான் வழி இருந்தது. பிரிவில் உடன் வேலை பார்க்கும் தங்கச்சாமி அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் பணிவாக எழுதக் கூடாதா, வேலை போய்விடும் என்று பயந்தார். இதிலே பணிவு இல்லாதது எந்த வார்த்தை என்று கேட்டாள். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்து, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

வேலை போகவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது வேல்பாண்டியே அவள் மேசைக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம். சாய்தளம் போட்டாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனார். முகப்பைக் கடந்து, பக்கச் சுவரைச் சுற்றி, அரங்கத்தின் பின்பக்கத்துக்குப் போனார்கள். விழாக்களுக்குச் சமையல்காரர்கள் பாத்திரம் இறக்குகிற இடம். எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரம் கசிகிற தரையிலிருந்து புது சிமெண்ட் சரிவு பின்கதவுக்கு ஏறியது.

காளீஸ்வரி தொட்டியையும் சரிவையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. வகுப்புல சொல்லிக் குடுப்பீகள்ல சார். எங்க ஆத்தா பள்ளத்தூர்ல ஒரு வீட்டுக்குப் பின்தெரு வழியாத்தான் போயி பாத்திரம் தேய்ச்சுச்சு. முன்வாசல்ல அது காலு பட்டதே இல்ல. அந்த மரபையும் விடாம சேத்துக் கட்டிட்டீக."

வேல்பாண்டியின் முகம் கறுத்துவிட்டது. உங்களுக்காகத்தானே செய்தோம் என்றார். நான் கேட்டது இது இல்லை என்று சொல்லி அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சு எப்படியோ ஊர்வரை போய்விட்டது. அன்றைக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒச்சம்மாள் பிடித்துக்கொண்டாள். ஒச்சம்மாளுக்கு மகளின் உத்தியோகத்தில்தான் பெருமை எல்லாம். அதை எதற்கு ஒரு வாசலுக்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே போனால் போதாதா என்று கத்தினாள். காளீஸ்வரி முடியாது என்றாள். பின்வாசல் வழியாகப் போக மாட்டேன் என்று இன்னொரு தரமும் சொன்னாள். ஒச்சம்மாளின் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நான் அந்த வழியா போனது அசிங்கமாடி ஒனக்கு? அதுல வந்த சோத்தத்தான தின்ன?"

காளீஸ்வரிக்கு அது எதிர்பாராத அடி. ஒச்சம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். காளீஸ்வரி பின்னாலேயே சக்கரத்தைத் தள்ளிப் போனாள்.

"நீ போனது அசிங்கமில்ல ஆத்தா. ஒன்னைய அப்படிப் போகச் சொன்னாகள்ல, அதுதான் அசிங்கம்."

ஒச்சம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

காளீஸ்வரி விழா எதையும் விடவில்லை. எந்த விழா நடந்தாலும் ஒரு குடையோடு வந்து முன்படிக்குக் கீழே நின்றுகொள்வாள். ஒலிபெருக்கியில் கேட்பாள், முடிந்ததும் பிரிவுக்குத் திரும்பிவிடுவாள். வருகிற விருந்தினர்கள் எல்லோரும் படியேறும்போது அவளைப் பார்த்தார்கள், ஏன் அங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். பின்னால் வழி இருக்கிறது, அவர் வர மறுக்கிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்கிறவர்களுக்கே அது நன்றாக இல்லை. மாணவர்கள் முதலில் ‘மேடம் தர்ணா’ என்று கேலி பேசினார்கள். பிறகு முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்ட ஆங்கிலப் பேராசிரியை ஒருவர், எனக்கும் அந்தப் படி ஆகாது, இதுவரை சொல்ல வெட்கமாக இருந்தது என்று நாற்காலி போட்டுக்கொண்டு அவளருகில் உட்கார்ந்தார்.

பிப்ரவரியில் தாய்மொழி நாள் பேச்சுப்போட்டி. சினேகாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேடைக்குப் போகவில்லை. எழுந்து, நேராக நடந்து வெளியே வந்து, கடைசிப் படியில் நின்று, மைக் இல்லாமல் உரத்த குரலில் பேசத் தொடங்கினாள். உள்ளே இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக வந்தார்கள். படியெல்லாம் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவர்களும் வேறு வழியில்லாமல் வெளியே வந்து நின்றார்கள். சினேகா தன் மொழியைப் பற்றித்தான் பேசினாள். காளீஸ்வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேக்குக் கதவோரம் வேல்பாண்டி ஒற்றை ஆளாக நின்று, காலியான அரங்கத்தையும் நிறைந்த படிகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடைக்கு வராததால் சினேகாவுக்குப் பரிசு இல்லை என்று அறிவித்தார்கள். பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

கோடை விடுமுறையில் முகப்பு வேலை தொடங்கியது. யார் சொல்லி முடிவானது என்று காளீஸ்வரிக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. படிகளுக்கு இடப்பக்கம், படியில் இருக்கும் அதே கருங்கல்லில் சாய்தளம் எழுந்தது. வேல்பாண்டி சித்திரை வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தினமும் வந்து நின்றார். கோபத்தோடேயே நின்றார் என்று தங்கச்சாமி சொன்னார். ஆனால் அரைகுறையாகக் கட்டவிடவில்லை. சரிவு கொஞ்சம் செங்குத்தாக வந்துவிட்டது என்று ஒரு பகுதியைப் பெயர்த்து மறுபடியும் போடச் சொன்னார். இன்றுவரை அலுவல் விஷயம் தவிர அவர் காளீஸ்வரியிடம் பேசுவதில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று மட்டும் மற்றவர்களிடம் சொல்வாள்.

அவள் முதன்முதலில் ஏறியது எந்த விழாவுக்கும் இல்லை. ஜூன் மாதம், தேர்வாளர்கள் கூட்டம், சாதாரணத் திங்கட்கிழமை. தங்கச்சாமி பின்னால் வந்து கை நீட்டி, நிறுத்தி, "தள்ளவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். தோள் வலித்தது. நடுவில் ஒருமுறை பிரேக் போட்டு மூச்சு வாங்கினாள். நிலைப்படியைத் தாண்டச் சரிவாக ஒரு மரத்துண்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் ஏறி உள்ளே இறங்கினாள். இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டே கடந்த இடம் அது. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

கூட்டத்துக்கு வந்த பதிவாளர் அவளைப் பார்த்துவிட்டு, இனிமேல் குறை ஒன்றும் இல்லையே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

காளீஸ்வரி எதிரே இருந்த மேடையைக் காட்டினாள். மேடைக்கு ஏற மூன்று மரப்படிகள் இருந்தன.

"அதுக்கு எப்ப சார் வேலை ஆரம்பிக்கப் போறீக?"

பதிவாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, கூட்டத்தைத் தொடங்கலாம் என்றாள்.

மேடை வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த டிசம்பருக்குக் கொடுக்க வந்த அழைப்பிதழை அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, மேடைக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன், யாரும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.